மூன்றாம் பெஞ்சும் ஐம்பது ரூபாய் உறையும்

சூரமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. போன ஞாயிறு ஆராதனையில் ரோமர் முதலாம் அதிகாரம் வாசிக்கப்பட்டதாம். "உங்கள் விசுவாசம் உலகமெங்கும் பிரசித்தமாகிறபடியினாலே, முதலாவது நான் உங்களெல்லாருக்காகவும் இயேசுகிறிஸ்துமூலமாய் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்" என்ற எட்டாம் வசனத்துக்கு மேல் அவருடைய மனம் நகரவில்லை. ஒருவர் விசுவாசத்தில் உறுதியாக இருந்தால் அவரைப் பாராட்டலாம்; அதற்காகக் கடவுளுக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் சபையில் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நன்றி வரவில்லை. வராததை வந்ததுபோல ஜெபித்தால் அது மாய்மாலம் ஆகாதா?"

இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி என்று எனக்குத் தெரியும். அந்த எரிச்சல் எனக்கும் பழக்கமானது. சேலத்தில் ஒரு சபையில் பல ஆண்டுகள் வேதபாட வகுப்பு எடுத்தேன். அதே சபையில் பதினொரு ஆண்டுகள் பொருளாளராகவும் இருந்தேன். வேதபாடம் எடுப்பவனுக்கு ஜனங்களின் ஞாயிற்றுக்கிழமை முகம் தெரியும். பொருளாளருக்கு மற்ற ஆறு நாள் முகமும் தெரியும். ஆனாலும் முதல் கேள்வியை முடிக்காமல் இரண்டாவதற்குப் போனால் வெறும் அறிவுரையாகிவிடும். அதனால் வரிசையாகவே வருகிறேன்.

வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில், அதாவது 1871-ல் வெளிவந்த, ஹென்றி பவர் என்பவர் தலைமையில் செய்த திருத்தப் பதிப்பின் வழியில் வந்த வேதாகமத்தில், புகழ்ச்சிக்கும் ஸ்தோத்திரம்தான், நன்றிக்கும் பெரும்பாலும் ஸ்தோத்திரம்தான். சபையில் ஒருவரை ஒருவர் பார்த்தாலும் "ஸ்தோத்திரம்", கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போதும் "ஸ்தோத்திரம்". இப்படித் தேய்ந்துபோன சொல்லாக இருப்பதால், ரோமர் 1:8-ல், அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் வெளிப்படையாக நன்றி சொல்கிறார் என்பதே பலருடைய காதில் விழுவதில்லை. கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் அதே இடத்தில் "நன்றி செலுத்துகிறேன்" என்று இருக்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் யூகரிஸ்தேயோ. கிருபையைக் குறிக்கும் காரிஸ் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. கிடைத்த கிருபையைக் கிருபை என்று ஒப்புக்கொள்வதுதான் அந்த நன்றி. நற்கருணை என்று நாம் சொல்கிறோமே, நல் என்பதும் கருணை என்பதும் சேர்ந்த அந்தச் சொல் கிரேக்கச் சொல்லின் இரு பகுதிகளையும் அப்படியே காட்டிவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம், ஏனென்றால் சேலத்தில் ஒரே தெருவில் இரண்டு சபையாரும் இருக்கிறோம். பழைய வேதாகமத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று படிக்கும் இடத்தைத் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று படிப்பீர்கள். நாம் விசுவாசம் என்பது அவர்களுக்கு நம்பிக்கை. நாம் நம்பிக்கை என்பது அவர்களுக்கு எதிர்நோக்கு. என் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க நண்பரோடு இதனால் ஒரு மாலைநேரம் முழுக்க வீண் வாதம் செய்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

பவுலின் காலத்தில் கடிதத்தைக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தொடங்குவது புதிதல்ல. எகிப்திலிருந்து ரோமக் கடற்படைக்குப் போன ஆப்பியோன் என்ற இளைஞன் தன் தந்தைக்கு எழுதிய கடிதம் பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடலில் ஆபத்தில் இருந்தபோது சராப்பிஸ் தெய்வம் உடனே காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறான். வழிச்செலவுக்கு மூன்று பொற்காசுகள் கிடைத்ததையும் மறக்காமல் எழுதுகிறான். நல்ல பிள்ளை. நம் சபைகளில் ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியல் வாசிக்கும்போது கேட்பதும் இதுதானே? அறுவை சிகிச்சை நலமாக முடிந்ததற்காக, மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, வீட்டுக்கு மேல்தளம் போட்டதற்காக. ஒன்றும் தவறில்லை. பவுலோ அதே கடித மரபை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பொருளை மாற்றிவிடுகிறார். தன் உடல்நலத்தைப் பற்றிப் பேச்சில்லை, பயணத்தைப் பற்றிப் பேச்சில்லை. "உங்கள் விசுவாசம்" என்கிறார். ரோமருக்கு அப்படி, கொலோசெயருக்கு அப்படி, எபேசியர் நிருபத்திலும் பிலேமோனுக்கு எழுதியதிலும் அப்படி. தெசலோனிக்கேயருக்கு எழுதியது அவருடைய நிருபங்களிலேயே மிகப் பழையது என்று பலர் கருதுவது, கி.பி. 50-ஐ ஒட்டியது. அதில் "விசுவாசத்தின் கிரியை", "அன்பின் பிரயாசம்", "நம்பிக்கையின் பொறுமை" என்று மூன்றாகவே பிரித்து நன்றி சொல்கிறார்.

இப்போது சகோதரியின் முதல் கேள்வி. விசுவாசம் அவரவர் எடுக்கும் முடிவுதானே, கடவுளுக்கு இதில் என்ன பங்கு? இதற்கு எல்லோரும் உடனே எபேசியர் 2:8-ஐ எடுத்துக் காட்டுவார்கள்: "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." வகுப்பில் நான் அந்த வசனத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவதில்லை. கிரேக்கத்தில் விசுவாசம் பெண்பால் சொல். "இது" என்பதோ நம் அஃறிணை போல, ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத சொல். ஆகவே "இது" விசுவாசத்தை மட்டும் சுட்டவில்லை, கிருபையினாலே இரட்சிக்கப்பட்டது என்ற முழு விஷயத்தையும் சுட்டுகிறது என்று படிப்பதுதான் பொருத்தம். அதைவிடத் தெளிவான இடம் பிலிப்பியர் 1:29. கிறிஸ்துவை விசுவாசிப்பதும் அவர் நிமித்தம் பாடுபடுவதும் "உங்களுக்கு அருளப்பட்டிருக்கிறது" என்று அங்கே பவுல் எழுதுகிறார். விசுவாசிப்பது அருளப்பட்டது என்றால் அருளியவருக்கு நன்றி சொல்வதில் புதிர் எதுவும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில், தள்ளாத வயதில், ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் இதையே மறுபுறத்திலிருந்து வாதாடினார்: கடவுள் செய்யாத ஒன்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னால் அது வெறும் முகஸ்துதி அல்லவா? பவுல் முகஸ்துதி செய்பவர் அல்ல, ஆகவே அந்த விசுவாசத்தைக் கொடுத்தவர் கடவுள்தான் என்றார். முன்குறித்தலைப் பற்றி (யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானிப்பது) அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. இந்த ஒரு வாதத்தை இதுவரை என்னால் அசைக்க முடியவில்லை.

ஆண்டவரே செய்த ஒரு நன்றியறிதலையும் நினைத்துப் பாருங்கள். மத்தேயு 11-ல், ஞானிகளுக்கும் கல்விமான்களுக்கும் மறைக்கப்பட்டவை பாலகருக்கு வெளிப்பட்டதற்காக அவர் பிதாவை ஸ்தோத்திரிக்கிறார். அதுவும் எப்போது? கோராசீனும் பெத்சாயிதாவும் மனந்திரும்பவில்லையே என்று கடிந்துகொண்ட அதே மூச்சில். ஊர் முழுக்க ஏமாற்றம். நடுவில் நம்பிய சில எளியவர்கள். நன்றி அந்தச் சிலருக்காக.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இதை விளக்க என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அதில் நான் நல்லவனாக வரவில்லை. ஆள் அடையாளம் தெரியாதபடி இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் ஊரே கூடும். வாழைத்தார், தேங்காய், கோழி, வீட்டில் செய்த முறுக்கு, ஏற்காட்டிலிருந்து ஒருவர் கொண்டுவரும் ஆரஞ்சு, எல்லாம் மேசைக்கு வரும். ஓர் ஆண்டு ஒரு பெரிய பூசணிக்காய் வந்தது. மூன்றாம் பெஞ்சில் எப்போதும் சுவரோரம் உட்காரும் ஒரு தம்பி, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர், உற்சாகத்தில் ஏற்றிக்கொண்டே போய் 1,100 ரூபாய்க்கு எடுத்தார். கைதட்டல் அடங்கப் பல நிமிடம் ஆனது. பணம் பிறகு தருவதாகச் சொன்னார். மாதம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. நான் கணக்கு முடிக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் ஏலப் பாக்கிப் பட்டியலை வாசித்தபோது அவர் பெயரையும் வாசித்தேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தி வாசித்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பூசணிக்காயைச் சாப்பிடத் தெரிந்தவருக்குப் பணம் கட்டத் தெரியவில்லையே என்று வீட்டில் வேறு சொல்லிச் சிரித்தேன்.

வெள்ளி விலை ஏறி, வேலை தந்துகொண்டிருந்த வியாபாரி கையை விரித்து, அவருடைய பட்டறை பூட்டப்பட்டது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வேறொருவர் பட்டறையில் கொலுசுக்குக் கண்ணி கோக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கூலி வேலைக்கு வந்த பட்டறைக்காரருக்கு அந்தத் தெருவில் தலை நிமிர்வது எவ்வளவு கடினம் என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

காணிக்கை உறைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். எண்ணுக்கு உரியவர் யார் என்பது பொருளாளருக்குத் தெரியும். மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்த ஓர் உறையில் 20 ரூபாய் வரத் தொடங்கியது. நான் அதைப் பார்த்தேன், பேரேட்டில் எழுதினேன், அவ்வளவுதான். கணக்கெழுதும் கைக்கு 20 என்பது ஓர் எண். பத்தொன்பது மாதம் அந்த 20 ரூபாய் ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஒருவர் எனக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, அலுவல் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து காணிக்கை எண்ணிக்கொண்டிருந்தோம். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கும் வேலை என்னுடையது. ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை உடன் இருந்தவர் பிரித்தார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். பழுப்பு உறை, மூலையில் மடிந்திருந்தது, எண்ணெய்க் கை பட்ட கறை. உள்ளே ஒரு 50 ரூபாய்த் தாள். மேலே நீல மையில், எழுத்துக் கூட்டி எழுதுபவர்களுக்கே உரிய பெரிய பெரிய எழுத்தில்: "மூன்றாம் பெஞ்சு தம்பியின் விசுவாசத்துக்காக." கொடுத்தவர் பெயர் இல்லை.

"இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?" என்று அவர் கேட்டார். பிறந்தநாள், திருமண நாள், சுகம், வேலை, பிரயாணம் என்று எங்கள் பேரேட்டில் எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. இதற்கு இல்லை. "பொது" என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதிவிட்டார். எனக்குத்தான் நாணய அடுக்கு கலைந்துவிட்டது. எத்தனை என்று மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. மூன்றாம் பெஞ்சில் தம்பி என்று சொல்லத்தக்க ஒரே ஆள் அவர்தான். பணம் கட்டாதவர் என்று நான் பெயர் வாசித்த மனிதரை, யாரோ ஒருவர், அநேகமாக எழுதவே சிரமப்படும் ஒருவர், விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகக் கண்டு, அதற்காக நன்றி சொல்லக் காசும் கொடுத்திருக்கிறார். இருவரும் பார்த்தது ஒரே பெஞ்சைத்தான்.

வீட்டுக்கு வந்து பழைய பேரேடுகளைப் புரட்டினேன். அப்போதுதான் அந்தப் பத்தொன்பது மாதத்தை விரல் வைத்து எண்ணினேன்.

சகோதரி, உங்கள் எரிச்சலைப் பற்றி நான் சொல்லக்கூடியது இதுதான்: நமக்கு நன்றி வராததற்குப் பெரும்பாலும் காரணம் நாம் போதுமான அளவு கிட்டே போய்ப் பார்க்கவில்லை என்பது. "சபையார் எல்லோருக்காகவும் நன்றி" என்று மொத்தமாகச் சொல்லிப் பார்த்தால் நாக்குதான் அசையும். பவுல்கூட மொத்தமாகச் சொல்வதோடு நிறுத்தவில்லை. ரோமர் கடைசி அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகிறோம். அங்கே பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்ததையும், பெர்சியாள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டதையும், ரூபுவின் தாய் தனக்கும் தாயாக இருந்ததையும் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் பெயரோடு வருகிறார்கள். ஒரு வீட்டுக்குள், ஒரு அடுப்படிக்குள் போய்ப் பார்த்த நன்றி அது.

அதே சமயம், இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. மாய்மாலம் பற்றிய உங்கள் பயத்துக்குப் பவுலே துணை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தைத் தெசலோனிக்கேயர் நிருபத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கொரிந்துவில் கட்சிச் சண்டை, வழக்கு, திருவிருந்திலேயே பசித்தவனும் வெறித்தவனும். அங்கேயும் நன்றி சொல்கிறார். எதற்கு? அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கிருபைக்காக, உபதேசத்திலும் அறிவிலும் நிறைந்திருப்பதற்காக. அவர்களுடைய விசுவாசத்துக்காகவும் அன்புக்காகவும் என்று அந்த இடத்தில் எழுதவில்லை. இருந்ததைச் சொன்னார், இல்லாததை விட்டுவிட்டார். கலாத்தியருக்கோ அதுவும் இல்லை. வாழ்த்து முடிந்ததும், இவ்வளவு சீக்கிரம் வேறொரு சுவிசேஷத்துக்குத் திரும்பிவிட்டீர்களே என்று நேராகப் பாய்ந்துவிடுகிறார். நன்றி சொல்ல முடியாத ஒரு வாரம் பவுலுக்கே இருந்திருக்கிறது. உங்களுக்கு இருந்தால் குற்றம் இல்லை. நன்றியும் குறையும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு: தெசலோனிக்கேயர் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், அவர்களால் அடைந்த சந்தோஷத்துக்கு எவ்விதமாக ஸ்தோத்திரம் செலுத்துவோம் என்று சொன்ன கையோடு, "உங்கள் விசுவாசத்தின் குறைவுகளை" நிறைவாக்க வரவேண்டும் என்கிறார். குறை தெரிந்தவர் சொன்ன நன்றி அது.

அந்த அதிகாரத்தில்தான் என்னை மிகவும் பிடித்து நிறுத்தும் வரி இருக்கிறது. "நீங்கள் கர்த்தருக்குள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்." அப்போஸ்தலன் சொல்கிறார் இதை. சபையை உண்டாக்கியவர், தன் பிழைப்பு அவர்களுடைய விசுவாசத்தில் இருக்கிறது என்கிறார். இரண்டாம் நிருபத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், "ஸ்தோத்திரிக்கக் கடனாளிகளாயிருக்கிறோம்" என்று எழுதுகிறார். கடன் என்ற சொல்லைப் பொருளாளர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வாங்கியிருந்தால்தான் கடன். பிறருடைய விசுவாசத்திலிருந்து நாம் எதையோ வாங்கித் தின்று உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று மாற்கு எழுதுகிறார். அவர்கள் என்று பன்மை. கட்டிலில் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான்கு மூலையைப் பிடித்தவர்களின் விசுவாசத்தில் அவன் நடந்து வீட்டுக்குப் போனான். என் நண்பரின் சபையில் திருப்பலியில், சமாதானம் சொல்வதற்கு முன், எங்கள் பாவங்களைப் பாராமல் திருச்சபையின் விசுவாசத்தைப் பாரும் என்று குருவானவர் மன்றாடுவார். முதல் தடவை கேட்டபோது என்னை அறியாமல் ஆமென் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடன் எவ்வளவு பழையது என்பதற்கு நம் ஊரையே பார்க்கலாம். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். ஆரம்பத்தில் தங்க வீடு கிடைக்காமல் சத்திரத்தில் கிடந்தார். 1827-ல் லண்டன் மிஷன் சார்பில் ஹென்றி கிறிஸ்ப் வந்து ஊழியத்தைத் தொடங்கினார். நான்கே ஆண்டு, 1831-ல் மறைந்துவிட்டார். பிறகு லெக்லர் என்ற மிஷனரி வந்தார், தொழிற்கல்வி கொண்டுவந்தார், அவர் பெயரில் இன்றும் ஆலயம் இருக்கிறது. 1930-ல் சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நம் பழைய மிஷன் சபைகள் அதில் சேர்ந்தன. இவை எல்லாம் கல்லிலும் ஏட்டிலும் இருக்கின்றன. ஆனால் 1831-ல் கிறிஸ்பை அடக்கம் செய்துவிட்டு அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்தவர்கள் யார்? அவர்களில் எவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. நேற்று நம்பியவர்கள், இன்று வழிகாட்டி இல்லை, சுற்றத்தார் ஒதுக்கிவைத்திருப்பார்கள். அப்படியும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் சகோதரி, சூரமங்கலத்தில் நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இதுவரை கொடுப்பவர் பக்கத்திலிருந்தே பேசினேன். வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒருமுறை இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். அது ஏற்காட்டில் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், காபிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஒரு எஸ்டேட்டை ஒட்டிய சிறிய ஜெபவீட்டுக்கு வேதபாடம் எடுக்க அழைத்திருந்தார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்ச் சேரும்போது மணி நான்கு. ஆராதனை ஆறரைக்குத்தான் என்றார்கள். பறிப்புக் காலத்தில் ஞாயிறு பகலிலும் வேலை உண்டு. பழம் எடை போட்டு, கூலிக் கணக்கு எழுதி, வீட்டுக்குப் போய்க் குளித்து வரவேண்டும். வந்தார்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிவிட்டது. சால்வையைத் தலையோடு போர்த்திய பெண்கள்தான் அதிகம். பாட்டுப் புத்தகம் பிடித்திருந்த விரல்கள் பழச்சாறு பட்டுக் கறுத்திருந்தன. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு நின்றிருந்தது. நான் பேசத் தயாரித்துக்கொண்டுபோன குறிப்பு, சொன்னால் வெட்கம், "விசுவாசத்தில் வளர்வது எப்படி" என்பது.

நான் பேசுவதற்கு முன் ஒரு அம்மா எழுந்து ஜெபித்தார். மழைக்காக, பறிப்பு முடிந்ததும் மகளுக்கு வரப்போகும் பிரசவத்துக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு, "கீழே சேலத்தில் இருக்கிற சபை ஜனங்களுடைய விசுவாசத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம் அப்பா" என்றார். கூட்டமே "ஸ்தோத்திரம்" என்றது. எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் விசுவாசமா? ஒரு மழைக்காலத்தில் எங்கள் வாலிபர் சிலர் போர்வைகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த சேலம் சபை அவ்வளவுதான். பூசணிக்காய்ப் பாக்கியும் ஆண்டுக் கூட்டமும் மலைக்கு மேலே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

ரோமாபுரியில் அந்த நிருபம் வாசிக்கப்பட்ட முதல் நாளில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன். பவுல் அப்போது ரோமாபுரியைப் பார்த்ததே இல்லை, கொலோசெயையும் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதற்காக நன்றி சொல்கிறார். ரோமாபுரியின் அந்த வீட்டுச் சபைகளில் காய்கறி தின்பவனும் எல்லாம் தின்பவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், பதினாலாம் அதிகாரம் அதைப் பற்றியதுதான். "உங்கள் விசுவாசம் உலகமெங்கும் பிரசித்தமாகிறது" என்று கேட்டதும் பலர் தரையைப் பார்த்திருப்பார்கள். நான் ஜெபவீட்டின் சிமெண்டுத் தரையைப் பார்த்தேன். குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வேறு எதையோ பேசினேன். அதற்கு அடுத்த வாரம் மூன்றாம் பெஞ்சுக்காரரிடம் போய்ப் பேசினேன். மன்னிப்புக் கேட்பதில் எனக்கு அனுபவம் குறைவு. உளறினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பூசணிக்காய் நல்ல ருசி அண்ணா, அதைச் சொல்லவே விட்டுப்போயிற்று" என்றார்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு சிறு கேள்வியும் இருக்கிறது: ஒருவருடைய விசுவாசத்துக்காக நன்றி சொல்வதை அவர் காதுபடச் சொல்லலாமா, தலைக்கனம் ஏறாதா? பவுல் காதுபடத்தான் சொன்னார். தெசலோனிக்கேயருக்கு எழுதியதைச் சகோதரர் யாவருக்கும் வாசிக்க வேண்டும் என்று ஆணையிட்டே சொல்கிறார். ஆனால் "நீங்கள் பெரியவர்கள்" என்று சொல்வதில்லை. உங்களுக்காகக் கடவுளை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். கேட்பவரைத் தாண்டி நன்றி மேலே போய்விடுகிறது. பிலேமோனுக்கு எழுதும்போது நன்றிக்குப் பின்னால் ஒரு வேண்டுகோள் வருகிறது உண்மைதான், அவரைவிட்டுப் பிரிந்திருந்த அடிமை ஓநேசிமுவை ஏற்றுக்கொள் என்று. அதனால் அது காரியம் சாதிக்கும் பேச்சு என்று சிலர் சொல்வார்கள். பிலேமோனால் பரிசுத்தவான்களின் உள்ளங்கள் இளைப்பாறியது பொய்யாக இருந்தால்தான் அது குற்றம். உண்மையாக இருந்தால், செய்த நன்மையை நினைவூட்டி இன்னொரு நன்மையைக் கேட்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

அந்த ஐம்பது ரூபாய் உறையை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. ஸ்தோத்திரக் காணிக்கைகளை அடுத்த ஞாயிறு வாசிப்பது எங்கள் வழக்கம். எழுதியிருந்தபடியே வாசித்தால் கோயில் முழுக்க மூன்றாம் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். போதகர் சற்று யோசித்து, "ஒரு சகோதரனுடைய விசுவாசத்துக்காக" என்று மாற்றி எழுதிக்கொண்டார். வாசித்தார். பிறந்தநாள்களுக்கும் கல்யாண நாள்களுக்கும் நடுவே அது வித்தியாசமாகக் கேட்டது, தலைகள் நிமிர்ந்தன. நான் மட்டும் சுவரோரம் பார்த்தேன். அவர் முதலில் முன் பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிப் பின்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரைச் சொல்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, ஆவலை அடக்க முடியாமல் என்னிடமே வந்து கேட்டுவிட்டார். "யார் அண்ணா அந்தச் சகோதரன்? கொடுத்துவைத்தவர்."

காணிக்கை விஷயத்தில் பொருளாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதை அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.